செவிக்கு ஒரு வாயிற்காவலர்

எலக்ட்ரானிக் இயர் மஃப் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சத்தத்தை நல்லா அடைக்கிறது எதுங்க மேடம்?" கேட்பவர் புதிதாக .22 ரைபிள் பழகும் கல்லூரி மாணவியாக இருக்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாவாக இருக்கலாம். பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தோட்டக்காரராகவும் இருக்கலாம். பதில் சொல்லும் முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: "அதை மாட்டிக்கிட்டு எதைக் கேக்கணும்னு நினைக்கிறீங்க?" பலர் விழிப்பார்கள். கேட்காமல் இருப்பதற்குத்தானே காதுக்கவசம்?

அதற்கு மட்டும் இல்லை என்பதே நான் இங்கே சொல்ல வருவது. கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவைக்கு வெளியே ஒரு ரைபிள் கிளப்பில் ரேஞ்ச் ஆபீசராக நிற்கிறேன். நம் மண்ணில் பிறந்த சமயங்கள் எத்தனையோ விஷயங்களில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியிருக்கின்றன. ஆனால் புலன்களை அடக்கு என்பதில் சைவம், வைணவம், சமணம், பௌத்தம் எல்லாமே ஒரே குரலில் பேசுகின்றன. அடக்குவது என்றால் எப்படி என்பதில்தான் சிக்கல். மூடிவிடுவதா, காவல் வைப்பதா? பாடமாகச் சொல்லிக்கொடுத்த இந்தக் கேள்வி, சுடுதளத்தில் பிள்ளைகளின் காதில் இயர் மஃப்பைச் சரிசெய்து விடும்போது எனக்கு அன்றாடக் கேள்வியாகிவிட்டது.

முதலில் காதைப் பற்றி. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தூங்கும்போதும் அது திறந்தேதான் கிடக்கிறது. உடம்பு தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. நடுச்செவியில் அங்கவடி எலும்போடு ஒட்டிய ஸ்டெபீடியஸ் என்றொரு தசை உண்டு. எலும்போடு சேர்ந்த தசைகளில் மிகச் சிறியது அதுதான். பேரோசை வந்தால் அது சுருங்கி, எலும்பின் அசைவைக் குறைத்து, உள்ளே போகும் அதிர்வைத் தணிக்கும். ஆனால் அது சுருங்கி முடிக்க, ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாகும். துப்பாக்கி வெடியின் உச்சம் அதற்குள் வந்து போய்விடும். இயற்கை தந்த காவலாள் எழுந்து வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

உள்செவியில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பெரிய ஓசையின் அழுத்தத்தில் அவை காற்றடித்த நெற்பயிர் மாதிரி சாய்ந்துவிடும். அடி லேசாக இருந்தால் நிமிரும், பலமாக இருந்தால் மடிந்துபோகும். மனிதக் காதில் மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில் இருக்கும். .22 ரைபிளின் உச்ச ஓசை 140 டெசிபலை ஒட்டி வரும். 12 போர் துப்பாக்கி 150-ஐத் தாண்டும். பெரிய ரைபிள்கள் 160-ஐயும் தொடும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்து கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 60-க்கும் 140-க்கும் உள்ள தூரத்தை அப்படித்தான் அளக்க வேண்டும். திடீர் ஓசையின் உச்சம் பெரியவர்களுக்கு 140 டெசிபலையும், குழந்தைகளுக்கு 120-ஐயும் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்திருக்கிறது. ஒரே ஒரு குண்டு போதும், நிரந்தரமாக எதையோ இழப்பதற்கு.

என் கையில் முதலில் ரைபிளைக் கொடுத்த ஆசிரியர் ஒரு காலத்தில் நல்ல போட்டி வீரர். அவர் தலைமுறையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் அதுவே பெரிய பாதுகாப்பு. வெடிச் சத்தத்துக்குப் பஞ்சு பெயருக்குத்தான் தடுப்பு. இப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. "ராத்திரி எல்லாம் அடங்கினப்புறம்தாம்மா காதுல இரைச்சல் ஜாஸ்தியாகுது" என்பார். பேத்தி பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன பேசுகிறாள் என்பதுதான் பிடிபடுவதில்லை. வெடியோசை முதலில் தின்பது உச்ச அதிர்வெண்களை. ச, த, ப என்று சொற்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. வலக்கைக்காரரான அவருக்கு இடக்காதில்தான் கேடு அதிகம். ரைபிளைத் தோளில் அணைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது இடக்காது குழல் முனையைப் பார்த்தபடி இருக்கும், வலக்காது தலையின் மறைவில் ஒதுங்கிவிடும். பேத்தியை வலப்பக்கமாக உட்காரவைத்துக்கொண்டுதான் அவர் கதை கேட்கிறார்.

உடம்பைப் பேணுவது பற்று ஆகாதா, துறவை நோக்கிப் போகிறவன் காதுக்காகக் கவலைப்படலாமா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்டதுண்டு. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்து, 42-ஆவது அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். படிக்காதவனுக்கும் அறிவு வந்து சேரும் வழி செவிதான் என்ற எண்ணம் அந்த வரிசையிலேயே தெரிகிறது. பிறர் சொல்லைக் கேட்க முடியாமல் போனால் நாம் இழப்பது ஓசையை மட்டுமல்ல, மனிதர்களையும்தான். ஆகவே காதைக் காப்பது பற்று என்று நான் கருதவில்லை. பிறருக்கு நாம் பட்டிருக்கும் கடனில் அதுவும் ஒன்று.

இனி கருவிக்கு வருகிறேன். ஒரு எலக்ட்ரானிக் இயர் மஃப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், உள்ளே நுரைப் பஞ்சு, விளிம்பில் மெத்தென்ற குஷன், இரண்டையும் சேர்த்து அழுத்தும் தலைப்பட்டை. இதுவரை சாதாரண இயர் மஃப்தான். கிண்ணத்தின் வெளிப்புறத்தில், காற்று உரசாமல் இருக்கச் சின்ன நுரை மூடி போட்ட மைக் ஒன்று இருக்கும். உள்ளே கட்டைவிரல் நகத்தளவில் ஒரு ஸ்பீக்கர். நடுவில் ஒரு மின்சுற்று. மெல்லிய ஓசைகளை அது பெருக்கித் தரும். சுமார் 82 அல்லது 85 டெசிபலைத் தாண்டிய ஓசை வந்தால், சில மில்லி நொடிகளுக்குள் பெருக்குவதை நிறுத்திவிடும், அல்லது ஓசையை அமுக்கி அந்த அளவுக்குள் வைக்கும்.

மாட்டிக்கொண்டு குமிழைத் திருகினால் முதலில் ஒரு மெல்லிய 'உஸ்'. பிறகு உலகம் திரும்பி வரும். பக்கத்து லேனில் ஒருவர் பெட்டிக்குள் தோட்டாக்களைத் துழாவுவது கேட்கும். பின்னால் யாரோ சரளைக்கல்லில் நடந்து வருவது கேட்கும், வலப்பக்கமா இடப்பக்கமா என்பதும் தெரியும். வெடிக்கும் கணத்தில் ஒரு மொத்தையான 'தொப்'. அது அடங்கியதும் காலித் தோட்டா சிமென்ட் தரையில் உருளும் ஒலி தனியாகக் கேட்கும்.

வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. வெடியைத் தடுப்பது எலக்ட்ரானிக்ஸ் அல்ல. தடுப்பது பழைய பிளாஸ்டிக் கிண்ணமும் நுரையும் குஷனும்தான். பேட்டரி தீர்ந்தாலும் அந்தத் தடுப்பு அப்படியே இருக்கும். மின்சுற்றுக்காக நாம் கொடுக்கும் கூடுதல் பணம் கதவை அடைப்பதற்கு அல்ல, அடைத்த கதவில் ஒரு காவலாளை நிறுத்துவதற்கு. எவரை உள்ளே விடலாம், எவரை விடக்கூடாது என்று பார்த்துச் சொல்கிறவருக்கான கூலி அது.

புலன்களை மூடுவதா, காவல் வைப்பதா என்று ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் நடந்த ஒரு வாதம் பாலி நூலில் பதிவாகியிருக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தில் 152 உரைகள் உண்டு. கடைசி உரை புலன்களைப் பண்படுத்துவது பற்றியது. கஜங்கலம் என்ற ஊரில் புத்தர் தங்கியிருக்கிறார். பாராசரியர் என்ற அந்தணரின் மாணவன் உத்தரன் அவரைப் பார்க்க வருகிறான். புலன்களைப் பண்படுத்த உன் ஆசிரியர் என்ன வழி சொல்கிறார் என்று புத்தர் கேட்கிறார். கண்ணால் உருவங்களைப் பார்க்காமல் இருப்பதும், காதால் ஓசைகளைக் கேட்காமல் இருப்பதும்தான் வழி என்கிறான் உத்தரன். அப்படியானால் பார்வையற்றவரும் செவி கேளாதவரும் ஏற்கெனவே பண்பட்டவர்கள் ஆகிவிடுவார்களே என்று புத்தர் சுட்டிக்காட்டுகிறார். உத்தரன் பேச்சற்றுத் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறான். பிறகு புத்தர் தன் வழியை விளக்குகிறார். ஓசை வரும். அதனால் விருப்போ வெறுப்போ எழும். எழுந்ததை எழுந்ததாக அறிந்து, நடுநிலையில் நிற்கப் பழக வேண்டும்.

சுடுதளத்தில் உத்தரன்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காதுக்குள் நுரை பிளக், அதன் மேல் கனத்த இயர் மஃப், அதற்கும் மேல் தொப்பியை இழுத்துவிட்டு, தனக்கென்று ஒரு குகையைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள். "எனக்கு ஒண்ணுமே கேக்கக்கூடாதுங்க மேடம், அப்பத்தான் கான்சன்ட்ரேஷன் வருது" என்பார்கள். அப்படி நின்ற ஒரு பையன், நான் "ஸ்டாப்" என்று கத்திய பிறகும் விசையை இழுத்தான். காற்றில் சாய்ந்த இலக்குச் சட்டத்தை நிமிர்த்த, உதவிக்கு இருந்த ஆள் பக்கவாட்டு வழியில் காலெடுத்து வைத்திருந்த நேரம் அது. குண்டு போனது வேறு திசை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன் கெட்டவன் அல்ல, கவனமற்றவனும் அல்ல. அவன் கவனம் முழுவதும் இலக்கு அட்டையில் இருந்தது. அந்தக் கவனத்தில் இன்னொரு மனிதருக்கு இடமே இல்லாமல் போயிருந்தது.

லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். சுடுதளத்தின் ஒழுங்கு முழுவதும் இந்தச் சில கட்டளைகளில் நிற்கிறது. இவற்றில் ஸ்டாப் மட்டும் தனி. ஆபத்தைக் கண்டால் அதை அதிகாரிதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. கூட்டிப் பெருக்க வந்தவர் சொன்னாலும் எல்லாத் துப்பாக்கியும் அந்தக் கணமே நிற்க வேண்டும். அந்தச் சொல் எட்டாத இடத்துக்கு ஒருவர் போய்விட்டால், அவருடைய அமைதி எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் அதை நான் அடக்கம் என்று சொல்லமாட்டேன்.

கேட்காமை வேறு, ஒருமுகம் வேறு என்பதற்கு ஒரு வீரரின் வாழ்வே சான்று. ஹைதராபாத்தைச் சேர்ந்த தனுஷ் ஸ்ரீகாந்த், செவித்திறன் குறைந்தோருக்கான டெஃப்லிம்பிக்ஸில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர். பிரேசிலில் உள்ள காசியாஸ் டோ சுல் நகரில் 2022 மே மாதம் அந்தப் போட்டி நடந்தது. அங்கே போட்டியிடும்போது காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த வரிசையில் நின்ற எல்லோரையும் சூழ்ந்திருந்தது ஒரே நிசப்தம்தான். ஆனால் தங்கம் ஒருவருக்குத்தான் கிடைத்தது. நிசப்தம் மட்டும் போதுமென்றால் அத்தனை பேரும் ஒரே புள்ளி எடுத்திருக்க வேண்டும். கூட வேண்டியது மூச்சைத் தணிப்பது, முந்தைய குண்டை மறப்பது, விரலை அவசரப்படுத்தாமல் இருப்பது. இது எதையும் காதை அடைத்துச் சம்பாதிக்க முடியாது. உத்தரனுக்குப் புத்தர் சொன்ன பதிலின் பொருள் எனக்கு இங்கே முழுதாக விளங்குகிறது. செவி கேளாத வீரருக்கும் புலன்களைப் பண்படுத்தும் வேலை முழுதாக மிச்சமிருக்கிறது. அதை அவர் உழைத்துத்தான் செய்கிறார்.

அப்படியானால் நன்றாகக் கேட்பதுதான் தீர்வா? குமிழை முழுவதும் திருகி வைத்துக்கொள்ளும் இன்னொரு கூட்டமும் உண்டு. மூன்று லேன் தள்ளி ஒருவர் தன் மாமியார் வீட்டுக் கதையைச் சொல்வது அவர்களுக்குக் கேட்கும். வாசலில் டீக்கடைக்காரர் சில்லறை எண்ணுவது கேட்கும். எல்லாம் கேட்கும். எது தனக்கானது என்பது மட்டும் தெரியாது.

கூர்மையான செவிக்கு நம் இதிகாசத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. தசரதன் இளமையில் சப்தவேதி வித்தை கற்றவன். கண்ணால் பாராமல் ஓசையை மட்டும் வைத்து அம்பு எய்வான். மழைக்கால இரவு ஒன்றில், சரயு நதிக்கரை இருளில், குடத்தில் நீர் நிறையும் ஒலி அவன் காதில் விழுகிறது. யானை நீர் குடிக்கிறது என்று எண்ணி அம்பை விடுகிறான். விழுந்தது பார்வையற்ற பெற்றோருக்காகத் தண்ணீர் எடுக்க வந்த இளைஞன். தசரதன் காது தவறு செய்யவில்லை. ஓசையைத் துல்லியமாக வாங்கியது, அம்பும் துல்லியமாகப் போய்த் தைத்தது. கேட்டதற்கும் எய்ததற்கும் இடையில் நின்று, இது யாராக இருக்கும் என்று கேட்க யாரும் இல்லை. புத்திரசோகத்தில் இறந்துபோ என்று அந்தத் தந்தை இட்ட சாபமும், இராமன் காட்டுக்குப் போனபோது தசரதன் உயிர்விட்டதும் அந்த ஒரு கணத்திலிருந்து பிறந்தவை.

மூடிய செவி ஒரு பக்கம், காவலில்லாத கூர்ஞ்செவி மறுபக்கம். இரண்டுமே மனிதரைத் தவறவிடுகின்றன. நடுவழியைச் சொல்ல, பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் ஒரு உவமை உண்டு. எல்லைப்புற நகரம் ஒன்று. அதற்கு ஆறு வாயில்கள். வாயிலில் விவேகமுள்ள ஒரு காவலர் நிற்கிறார். அறிந்தவரை உள்ளே விடுகிறார், அறியாதவரைத் தடுக்கிறார். நகரம் என்பது இந்த உடம்பு, வாயில்கள் ஐம்புலன்களும் மனமும், காவலர் விழிப்புணர்வு. வாயிலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டால் நகரம் பட்டினி கிடந்து சாகும், திறந்து போட்டால் கொள்ளை போகும். வாயிலின் பயன் அதில் நிற்பவரைப் பொறுத்தது.

இந்தப் பார்வையோடு கடைக்குப் போனால் எதை வாங்குவது என்பது ஏறக்குறையத் தானாகவே தெளிந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது கிண்ணம், குமிழ் அல்ல. தடுப்புத் திறனைக் குறிக்கும் என்ஆர்ஆர் என்ற எண் அட்டையில் அச்சிட்டிருக்கும். மெல்லிய எலக்ட்ரானிக் மஃப்களில் அது 22, 23 அளவில் இருக்கும். பரிசோதனைக்கூடத்தில் சரியாக மாட்டி அளந்த எண் அது. தொழிற்சாலை ஓசைக்குக் கணக்குப் போடும்போது, அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்கிக்கொள்வது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் எச்சரிக்கையான வழக்கம். 22 என்று அச்சிட்டிருந்தால் கையில் நிற்பது ஏழரை. அட்டை எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கூரையும் சுவரும் சூழ்ந்த ரேஞ்சிலும், பெரிய துப்பாக்கிக்கும், உள்ளே நுரை பிளக் வைத்து மேலே எலக்ட்ரானிக் மஃப் போடுவதுதான் சரி. இரண்டின் எண்ணையும் கூட்டிவிடாதீர்கள். பெரிய எண்ணோடு ஐந்து கூடும், அவ்வளவுதான். மைக்கின் அளவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் பிளக்கைத் தாண்டியும் கட்டளை காதில் விழும். அந்தப் பையனுக்கு நான் செய்து கொடுத்த ஏற்பாடு இதுதான். கண்டிப்பை விட இது அவனுக்கு அதிகம் உதவியது.

அடுத்தது பொருத்தம். குஷன் தோலோடு இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். கண்ணாடிக் கம்பி, ஜிமிக்கி, தாழ்வாகப் போட்ட கொண்டை, தொப்பியின் ஓரம், காதோரத் தாடி, இவற்றில் எது இடையில் புகுந்தாலும் அந்தச் சந்து வழியாக ஓசை உள்ளே வந்துவிடும். என் மாணவிகள் தளத்துக்குள் வரும்போதே தோட்டைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்வார்கள். நம் வெயிலில் வியர்வை ஊறிக் குஷன் விறைத்து வெடிக்கும். மாற்றுக் குஷன் இங்கே கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்க வேண்டாம். ரைபிள்காரர்கள் கீழ்ப்புறம் ஒடுங்கிய மெல்லிய கிண்ணமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கன்னத்தைச் சாய்த்ததும் கட்டை இடித்துக் கிண்ணம் எழும்பிவிடும், வெடிக்கும் கணத்தில்தான் காது திறந்து கிடக்கும்.

அதன் பிறகு மின்சுற்று. இரண்டு கிண்ணத்துக்கும் தனித்தனி மைக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் ஓசையின் திசை தெரியும். விலை குறைந்த சிலவற்றில் ஒரே மைக்கின் ஓசை இரண்டு காதுக்கும் போகும். யாரோ கத்துவது கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. வெடி வந்ததும் ஒலி முழுவதும் அறுந்து, ஒரு வெற்றிடம் விட்டுத் திரும்பும் மாதிரிகளும் உண்டு. அந்த வெற்றிடத்தில் ஒரு ஸ்டாப் விழுந்தால் போயிற்று. ஒலியை அறுக்காமல் அமுக்கித் தருவதையே தேர்ந்தெடுங்கள். சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடுவது நல்லது, மாற்று பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பாட்டுக் கேட்கும் துளை இருந்தால் இருக்கட்டும், தளத்துக்குள் அதற்கு வேலை இல்லை.

போட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, களத்தில் நிற்கும் வீரர் ஒலி வாங்கும் சாதனம் பொருத்திய காதுக்கவசம் அணியக்கூடாது. சாதாரண மஃப்போ பிளக்கோதான். பிள்ளைகள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. பயிற்சிக் காலம் முழுவதும் கருவியின் காவலர் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று காட்டிக்கொண்டே இருக்கிறார். போட்டி நாளில் அவரைக் கழற்றி வெளியே வைக்கிறோம். அதுவரை கற்றது இருந்தால், ஒலிபெருக்கியின் கட்டளை மஃப்பைத் தாண்டி மங்கலாக வந்தாலும் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். கற்காமல் வெறுமனே மாட்டிக்கொண்டிருந்தால் பிடிக்காது. கருவி சொல்லிக்கொடுக்கலாம், நமக்குப் பதிலாக விழித்திருக்க அதனால் ஆகாது.

இவ்வளவுக்கும் மேல் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதை என்னிடம் கேட்டவர் சர்வோதயத்தில் ஊறிய என் சித்தப்பா. "உன் காத நீ பொத்திக்கற கண்ணு. அந்தச் சத்தம் எங்க போகுது?" என்றார். புத்தரை நான் மேற்கோள் காட்டுவது தெரிந்தவர் என்பதால் இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்கள் என்று புத்தர் வகுத்ததில் ஆயுத வணிகமும் ஒன்று.

நான் ஆயுதம் விற்பவள் அல்ல, இலக்கு அட்டையைத் தவிர வேறெதையும் சுடச் சொல்லிக்கொடுப்பவளும் அல்ல. ஆனால் அந்தப் பதில் போதாது என்று எனக்குத் தெரியும். எந்த இயர் மஃப்பும் வெளியே ஒரு டெசிபலைக்கூடக் குறைப்பதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஓசை 6 டெசிபல்தான் குறையும். சுடுகிறவருக்கு 'தொப்' என்று கேட்பது, வேலிக்கு அப்பால் ஆடு மேய்க்கிறவருக்குத் துப்பாக்கி வெடியாகவே கேட்கும். தன் செயலின் சத்தத்தைத் தனக்கு மட்டும் மெலிதாக்கிக்கொள்ளும் வசதி, அறநோக்கில் ஒரு ஆபத்தான வசதிதான். அதிகாரம் உள்ளவர்கள் எல்லாக் காலத்திலும் தேடிக்கொள்ளும் வசதி அது. சித்தப்பாவின் கேள்வியை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஏற்றுக்கொண்டு சொல்ல என்னிடம் இருப்பது இது. எங்கள் தளத்தைச் சுற்றி மயில்கள் அதிகம். வெடி அடங்கியதும் அவை அகவும். மண்மேட்டுக்கு அப்பால் ஒன்று தொடங்கும், புளியமரத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். பிளக்கும் சாதாரண மஃப்பும் போட்டிருந்தால் சுட்டவருக்கு அது காதில் விழாது. நல்ல எலக்ட்ரானிக் மஃப் வழியே தெளிவாக விழும். வாசலில் பயந்து அழும் கைக்குழந்தையும் கேட்கும். தன் வெடிக்கு உலகம் சொல்லும் பதில் சுட்டவர் காதுக்கு வந்து சேர்கிறது. வெடியின் வலி காதைக் கெடுக்காமல் தடுத்து, வெடியின் விளைவை மட்டும் உள்ளே அனுப்பும் காவல் இது. கையில் ஆயுதம் இருப்பவருக்கு இதைவிடத் தேவையான புலனடக்கம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உரத்த கருவியை ஏந்துகிறவர்தான் மற்ற எல்லோரையும் விட அதிகமாகக் கேட்கக் கடமைப்பட்டவர். அந்தப் பதிலைக் கேட்டும் சுடுகிறோமா, நேரத்தை மாற்றுகிறோமா, மண்மேட்டை உயர்த்துகிறோமா, அன்றைக்கு நிறுத்திக்கொள்கிறோமா என்பது அதன் பிறகு வரும் முடிவு. கேட்காதவருக்கு அந்த முடிவே எழாது.

ஆகவே தளத்தில் நான் ஒரு ஒழுங்கை விடாமல் கடைப்பிடிக்கிறேன். காதுக்கவசம் முதலில் போக வேண்டியது சுடுகிறவருக்கு அல்ல. இலக்கு அட்டை மாற்றுகிற ஆள், பெருக்குகிற அம்மா, வாசல் காவலாளி, கூட வந்த தங்கை, இவர்களுக்குத்தான் முதலில். குழந்தைகளின் வரம்பு 120 டெசிபல்தான் என்பதால், சின்னக் குழந்தைகளைச் சுடும் வரிசைக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை. சுடுகிறவர் ஓசையைத் தேர்ந்தெடுத்து வந்தவர், இவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அட்டை மாற்றுகிறவர் நாள் முழுக்க நிற்கிறார். எத்தனையோ பேருடைய குண்டுகளின் ஓசையை ஒரே காதால் வாங்குகிறார்.

புதிதாக இயர் மஃப் வாங்க வருகிறவர்களுக்குக் கடைசியாக நான் சொல்வதும் இதுதான். இரண்டு வாங்குங்கள். உங்களுக்கு எலக்ட்ரானிக். சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாதாரண மஃப் ஒன்று, உங்களுக்காக வெயிலில் நின்று வேலை செய்கிறவருக்கு. தன் செவியைக் காப்பது மட்டும் புலனடக்கத்தில் பாதிதான். நாம் எழுப்பும் ஓசை யார் காதில் போய் விழுகிறது என்று பார்ப்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவரை நான் நல்ல சுடுநர் என்பேன், அவர் அட்டையில் எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் சரி.